பிளேன் போகிற வரைக்கும்

பொழிச்சலூரில் யாரும் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிப்பதில்லை. நடுவில் பிளேன் வந்துவிடும். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் அதன் வயிற்றில் எழுதியிருப்பதைப் படிக்கலாம், அவ்வளவு தாழ்வாக வரும். கோயிலில் பாதர் பிரசங்கத்துக்காகத் தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நிற்பார். சத்தம் அடங்கியதும் "ஆகவே" என்று தொடர்வார். தெருக்குழாயில் சண்டை போடுகிறவர்கள்கூட நிறுத்துவார்கள். ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு காத்திருந்து, விட்ட கெட்ட வார்த்தையின் மிச்சத்திலிருந்து ஆரம்பிப்பார்கள்.

என் அம்மா அருள்மேரி மட்டும் நிறுத்த மாட்டாள். அதாவது, வீட்டில். நான் கணக்கைத் தப்பாகப் போட்டு, அவள் ஆரம்பித்து, அந்த நேரம் பார்த்து மேலே பிளேன் வந்தால், பிளேனையும் தாண்டிக் கத்துவாள். பிளேன்தான் பயந்துபோய்ச் சீக்கிரம் தரையிறங்கிவிடும்.

அம்மா கணக்கு டீச்சர். நான் பத்தாவதில் கணக்கில் ஃபெயில். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் எங்கள் தெருவுக்கு வேறு ஜோக் தேவையில்லை. நான் அவள் வயிற்றில் இருந்தபோதே அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். பிறப்பதற்கு முன்பே பாடம் கேட்டவன் நான். அப்பவே பின்பெஞ்சில்தான் இருந்திருப்பேன் போல. இப்போது பம்மலில் குமரவேல் அண்ணனுடைய மெக்கானிக் கடையில் பைக்குகளுக்கு ஆயில் மாற்றுகிறேன். பைக் எதுவும் என்னிடம் இதுவரை எக்ஸ் என்ன, ஒய் என்ன என்று கேட்டதில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஆறாவதும் ஏழாவதும்தான். பத்தாவது வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பத்தாவது எடுக்கிற டீச்சர் தெருவில் நடந்தால் பெற்றவர்கள் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வார்கள். ஏழாவது எடுக்கிற டீச்சரைப் பார்த்தால் ஹாரன்தான் அடிப்பார்கள். பத்தாவதுக்கு இத்தனை வருஷமாகக் கணக்கு எடுத்த பட்டாபிராமன் சார் இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார் என்று தெரிந்ததும் அம்மா போய்க் கேட்டாள். கேட்டுவிட்டுத் திரும்பும்போது ஸ்டாஃப் ரூமில் யாரோ சொன்னது காதில் விழுந்துவிட்டது.

"பெத்த புள்ளையையே பாஸ் பண்ண வெக்கல. இதுல டென்த்து வேற கேக்குறாங்க."

இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னாள். நான் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு சொன்னாள்.

போட்டிக்கு வந்தது ஸ்ரீவித்யா மிஸ். செம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர். சேர்ந்து இரண்டு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. எட்டாவது எடுத்தார், பிள்ளைகளெல்லாம் அவர் பின்னாலேயே ஓடினார்கள். அம்மா அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் புடவையில்தான் ஆரம்பிப்பாள்.

"புயல் அடிச்சாலும் அவ மடிப்பு கலையாதுடா. இஸ்திரி பெட்டியோட தூங்குவா போல."

"நீயும் பின் குத்திக்கோயேன்."

"நான் பாடம் எடுக்கப் போறேன். கண்காட்சிக்கா போறேன்?"

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று அம்மா வீட்டுக்கு வந்து பையைப் போட்ட வேகத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"கேமரா வெக்கப் போறாராம்டா."

"யாரு?"

"புது ஹெச்.எம்."

"திருடன புடிக்கவா?"

"எங்களுக்கு."

புது ஹெச்.எம். வேதசிரோமணி சார் சொன்னது இதுதான். ஒவ்வொரு டீச்சரும் வகுப்பின் ஓரமாகப் போனை நிறுத்தித் தன் பாடத்தைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போய், முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும். அதற்கப்புறம் ஜோடி டீச்சரிடம் காட்டி அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மார்க் கிடையாது, திட்டு கிடையாது. 'உங்களைப் புடிக்கறதுக்கு இல்ல, நீங்களே உங்களைப் பாக்கறதுக்கு' என்றாராம். பத்தாவது கேட்ட இரண்டு பேரும் மட்டும் கடைசியில் ஒரு சனிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் தங்கள் வீடியோவைப் போட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு முடிவு.

அம்மாவுக்கு ஜோடி யார் என்று நான் கேட்கவில்லை. அவள் முகமே சொன்னது.

வீடியோ எடுக்கிற அன்று அம்மா என் புதுநன்மைக்கு, கோயிலில் நான் முதல் தடவை நற்கருணை வாங்கிய அன்று, கட்டிய மெரூன் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். கண்காட்சி இல்லை என்று சொன்ன அதே அம்மாதான். ஜன்னல் கம்பியில் ஒரு பெண் பிள்ளையின் ரிப்பனால் போனைக் கட்டியிருக்கிறாள். அன்று சாயங்காலம் போனை என்னிடம் நீட்டினாள்.

"பிளேன் வர்ற இடத்தையெல்லாம் வெட்டிடுடா. எல்லா மிஸ்ஸும் அப்டித்தான் பண்றாங்க. ஒரு பீரியடுக்குள்ள எத்தன தடவ சும்மா நிக்கறது? பாக்கறவங்களுக்கு போரடிக்கும்."

குமரவேல் அண்ணன் தூங்குவதை எடுத்து, பின்னால் ஆட்டோ ஸ்டார்ட் ஆகிற சத்தத்தைச் சேர்த்துத் தெருவெல்லாம் அனுப்பியவன் நான். எனக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. ஆனால் ஹெச்.எம். சொன்னபடி முதலில் மியூட்டில் போட்டுப் பார்க்கலாம் என்றாள் அம்மா. இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம்.

"ஐயோ, நான் இப்டித்தான் நடக்குறனா? வாத்து மாதிரி."

"வாத்து கோச்சிக்கும்மா."

சத்தம் இல்லாமல் பார்த்தால் மனிதர்கள் வேறு மாதிரி இருக்கிறார்கள். அம்மாவின் வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் கை தூக்குவதும், அதற்குள் அம்மா போர்டில் விடையை எழுதிவிடுவதும், கை இறங்குவதுமாக இருந்தது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவளுக்குத் தன் நடையும் புடவையும் மட்டும்தான் தெரிந்தன. பாதியில் குக்கர் விசில் அடித்தது, எழுந்து போய்விட்டாள். நான் சத்தத்தை வைத்து வெட்ட ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அவன் வந்தான். மூன்றாவது பெஞ்ச். தலைமுடி பாதி எண்ணெயில் படிந்தும் மீதி வெடித்தும் நின்றது.

"மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசா?" அம்மா கேட்கிறாள். "ஃபிரெடி, நீ சொல்லு."

"நாலு மிஸ்."

வகுப்பு சிரிக்கிறது. அம்மாவின் வாய் திறக்கிறது. அந்த வாயிலிருந்து அடுத்து என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். இதே கணக்கில் இதே விடையைச் சொல்லி இதே அம்மாவிடம் நான் வாங்கியிருக்கிறேன். 'மண்டைல மூளையா, மாட்டுச் சாணியா?' நான் ஆசையோடு காத்திருந்தேன்.

பிளேன் வந்துவிட்டது.

அம்மாவின் வாய் மூடிக்கொண்டது. ஜன்னல் அதிர்கிறது, போன் ஆடுகிறது, பேச முடியாது. எனவே அவள் அவனைப் பார்க்கிறாள். வெறுமனே பார்க்கிறாள். ஒரு கையை அவன் பெஞ்சில் ஊன்றிக்கொண்டு, லேசாகக் குனிந்து, புருவத்தைத் தூக்கி 'ம்?' என்கிறாள். அவன் கூரையைப் பார்க்கிறான். தன் உள்ளங்கையைப் பார்க்கிறான். விரலால் உள்ளங்கையில் ஏதோ கோடு இழுக்கிறான். அம்மா தலையை ஆட்டுகிறாள், பரவாயில்லை, யோசி என்கிற மாதிரி. சத்தம் குறைகிறது.

"மிஸ், ஆள் ஜாஸ்தியானா பங்கு கம்மியாவும். மூணுதான் பெருசு!"

அம்மா சிரித்தாள்.

எனக்குப் பதினேழு வயசு. அந்தப் பதினேழு வருஷமும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் சோறு தின்றிருக்கிறேன். அந்தச் சிரிப்பை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

எனக்கு மீசை வந்துவிட்டது. ஏழாவது படிக்கிற ஒரு பொடியன் மேல் பொறாமைப்படுவது அசிங்கம் என்று தெரியும். தெரிந்தே பட்டேன். அவன் வெடித்த தலை பிடிக்கவில்லை, அவன் சட்டையில் மேல் பித்தான் இல்லாதது பிடிக்கவில்லை, அவன் 'மிஸ்' என்று இழுத்தது பிடிக்கவே இல்லை. சாப்பிடும்போது சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"யாரும்மா அந்த வெடிச்ச தல?"

"ஃபிரெடியா? நல்ல பையன்டா. கொஞ்சம் மெதுவா வருவான்."

"நான்கூட மெதுவாத்தான் வந்தேன்."

"நீ வரவே இல்லடா."

அதற்கு மேல் சாம்பார் இறங்கவில்லை.

பிளேன் துண்டுகளையெல்லாம் வெட்டி அழித்துவிட்டு மீதியை ஒட்டிக் கொடுத்தேன். ஃபிரெடி இருக்கிற துண்டை மட்டும் அழிக்காமல், முன்னும் பின்னும் கொஞ்சம் சேர்த்து எடுத்து வைத்தேன். என் போனில் பைக் படங்களுக்கு நடுவில் 'செயின் செட்' என்று பெயர் போட்டு வைத்துக்கொண்டேன். கடையில் டீ வருகிற நேரத்தில் சத்தம் இல்லாமல் போட்டுப் பார்ப்பேன். குமரவேல் அண்ணன் ஒருநாள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டார்.

"யார்ரா அது, உன் ஆளா? வயசு ஜாஸ்தியா கீது."

"எங்க அம்மாண்ணா."

"அம்மாவ வூட்ல பாத்துக்கலாமே. இங்க இன்னாத்துக்கு பாத்துகினு கீற?"

"வூட்ல இவங்க இல்லண்ணா."

அவருக்குப் புரியவில்லை. ஸ்பேனரால் மண்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரம் ஜோடி டீச்சர்கள் வீடியோக்களை மாற்றிக்கொண்டார்கள். ஸ்ரீவித்யா மிஸ்ஸின் வீடியோ எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுங்கத்தில் பெட்டியைத் திறக்கிற அதிகாரி மாதிரி உட்கார்ந்தாள். கண்டுபிடித்தது எதுவும் உருப்படியாக இல்லை. கையெழுத்து சாய்கிறது என்றாள். வளையல் சத்தம் கேட்கிறது என்றாள். அப்புறம் ஓர் இடத்தில் ஸ்ரீவித்யா மிஸ் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றார். அசையவில்லை.

"டேய், ஹேங் ஆயிடுச்சு பாரு."

நான் போனைத் தட்டினேன். நெட் இருந்தது. நான் சுட்டிக்காட்டினேன்: அவர் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஓடிகினுதாம்மா கீது. அவங்கதான் நிக்குறாங்க."

"ஏன் சும்மா நிக்குறா? பாடத்த மறந்துட்டாளா?" அம்மாவின் முகம் மலர்ந்தது. "மறந்துட்டாடா!"

அதற்குள் வகுப்பில் ஒரு கை எழுந்தது. இன்னொன்று எழுந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து விடையைச் சொன்னாள். அம்மாவின் முகம் மறுபடி சுருங்கியது. திரும்ப அதே இடத்தைப் போடச் சொன்னாள். ஃபேன் சுற்றியது, கைகள் எழுந்தன. அடுத்த கேள்விக்கும் அப்படியேதான். அன்று அம்மா அதை எத்தனை தடவை பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் குளித்துவிட்டு வந்தபோதும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்டிடா அவளுக்கு மட்டும் தானா சொல்றாங்க?" என்றாள், என்னைப் பார்க்காமல். அது எனக்குத் தெரிந்த குரல்தான். 'எப்படி அவனுக்கு மட்டும்' என்று நானும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த அதே குரல்.

மறுநாள் ஸ்ரீவித்யா மிஸ் அம்மாவின் வீடியோவைப் பற்றிச் சொன்னதை, அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே நடித்துக் காட்டினாள்.

"'மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க'ன்னு ஆரம்பிச்சா. அப்டி ஆரம்பிச்சாலே தப்பாத்தான் எடுத்துக்கணும்."

"இன்னா சொன்னாங்க?"

"'நீங்க கேக்குறீங்க மிஸ், நீங்களே சொல்லிடுறீங்க. பசங்களுக்கு கேப்பே இல்ல'ன்றா. வாய் இருக்குது, பேசுறேன். அதுக்குத்தான சம்பளம்?" தட்டைப் போட்டு உரசினாள். "அப்புறம் ஃபிரெடிய புடிச்சிக்கிட்டா. 'இவன் நாலுன்னு சொன்னான், அடுத்த செகண்டே சரியா சொல்லிட்டான். எப்டி மிஸ்? நடுவுல என்ன ஆச்சு?'ன்னா. நடுவுல ஒண்ணும் ஆவலன்னு சொன்னேன்."

கை நின்றது.

"டேய். நடுவுல என்னடா இருந்துச்சு?"

"பிளேன்."

"அது தெரியும். அப்போ நான் என்ன பண்ணேன்?"

ஈரக் கையோடு போனை எடுத்துத் தேடினாள். முழு வீடியோ இல்லை. இடம் போதவில்லை என்று போன் கத்தியபோது அவளே அழித்திருந்தாள். 'வெட்டுன துண்டெல்லாம் போயிடுச்சாடா?' என்று கேட்டாள். போயிடுச்சு என்றேன். அந்தத் துண்டு என் பேண்ட் பாக்கெட்டில்தான் இருந்தது. கொடுத்தால், ஏன் வைத்திருந்தேன் என்று கேட்பாள். இன்னொன்றும் உண்டு. அந்தச் சிரிப்பு ஊரெல்லாம் ஓடினால், அது ஃபிரெடியுடையது என்று எழுதி ஒட்டின மாதிரி ஆகிவிடும்.

"போனா போகுது. வேற எடுத்துக்கலாம்," என்றாள் அம்மா.

எடுத்தாள். ஆனால் காற்று திரும்பிவிட்டது. எங்கள் ஊரில் காற்று திரும்பினால் பிளேனெல்லாம் ரன்வேயின் அந்தப் பக்கமாக இறங்கும். எங்கள் வானம் சில நாட்களுக்கு வெறுமனே கிடக்கும். அம்மாவுக்கு முதலில் சந்தோஷம். 'ஒரு சத்தம் இல்ல. கோர்வையா எடுத்துட்டேன், வெட்டவே வேணாம்' என்றாள். சனிக்கிழமைக்கு முந்தின சாயங்காலம் இரண்டு பேரும் அதை மியூட்டில் போட்டோம்.

இந்தத் தடவை நடையையும் புடவையையும் அவள் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள். கேட்டாள், சொன்னாள், எழுதினாள், கேட்டாள், சொன்னாள். ஃபிரெடியும் ஒருதரம் எழுந்தான். வாயைத் திறப்பதற்குள் அம்மாவே விடையைச் சொல்லி, அவனை உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டாள். அவன் உட்கார்ந்த விதம் எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் தோள் உட்காரும், அப்புறம்தான் உடம்பு. ஒரு வினாடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாடா, வந்து பக்கத்தில் உட்கார் என்று இருந்தது. அப்புறம் இல்லை.

அம்மா போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள்.

"நான் நிறுத்தவே இல்லடா."

கவிழ்ந்த போனை நிமிர்த்தி வைத்தேன்.

"இத்தன வருஷமா நிறுத்தவே இல்ல. ஸ்டாஃப் ரூம்ல சொன்னதுல என்ன தப்பு? எனக்கு எதுக்கு டென்த்து?"

அம்மா அழுதால் எனக்கு ஏதாவது சேட்டை செய்யத் தோன்றும். அவளுடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு 'மண்டைல மூளையா' என்று அவள் குரலிலேயே ஆரம்பிப்பேன், செருப்பு பறந்து வரும், சரியாகிவிடும். அன்று கண்ணாடி அவள் கையில் இருந்தது. என் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது.

"இந்தா."

"என்னடா இது, செயின் செட்டு?"

"போட்டு பாரு."

பார்த்தாள். ஃபிரெடி நாலு என்றான். அவள் வாய் மூடிக்கொண்டது. அவள் குனிந்து நின்றாள், புருவத்தைத் தூக்கினாள், தலையாட்டினாள். அவன் கோடு இழுத்தான். அவள் சிரித்தாள். அம்மா தன்னையே பார்ப்பதை நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாத வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இது போயிடுச்சுன்ன?"

"ஒண்ணு மாட்டிகினு இருந்துச்சு."

"எதுக்குடா வெச்சிருந்த?"

"பிளேன் நல்லா வந்துச்சு. சவுண்டு சூப்பர்."

"மியூட்லதான வெச்சிருக்க."

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். தாகமில்லை. திரும்பி வந்தபோது அவள் போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'மொத வீடியோல, வெட்டுன எடத்துலயே திரும்ப ஒட்ட முடியுமா?' என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாரும் சிரிப்பாங்கம்மா. பிளேன் சத்தத்தோட யாரும் போடறதில்ல."

"சிரிக்கட்டும்."

ஒட்டிக் கொடுத்தேன். தையல் தெரியாமல் ஒட்டினேன். எனக்குப் பிடிக்காத ஒருத்தனுக்காக அவ்வளவு நேர்த்தியாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா வந்து செருப்பை அவிழ்ப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"பிளேன் வந்ததும் எல்லாரும் சிரிச்சாங்கடா. பட்டாபிராமன் சார், 'எடிட்டிங்குக்கு ஆள் கெடைக்கலயா மேடம், வீட்லயே ஒருத்தன் இருக்கானே'ன்னாரு. ஹெச்.எம். கைய காட்டி எல்லாரையும் அடக்கிட்டாரு. ஃபிரெடி சொல்லி முடிச்சதும் ஒரு சத்தம் இல்ல. 'இந்த இடத்துல என்ன பண்ணீங்க மேடம்?'னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் பண்ணல சார், பிளேன் வந்துச்சு, வாய மூடிக்கிட்டேன்னேன். பிளேன் வந்தா மட்டும்தான் நான் மூடுறேன், அதையும் வெட்டிட்டேன்னேன்." ஒரு செருப்பை மட்டும் அவிழ்த்துவிட்டு அப்படியே நின்றாள். "அதோட விட்ருக்கலாம். என் வாய்தான் தெரியுமே. ஸ்ரீவித்யா மிஸ்ஸு பிளேன் இல்லாமலே மூடுறாங்க சார்னு சொல்லிட்டேன்."

"அவங்களுக்கு எதுக்கும்மா நீ ஓட்டு போட்ட?"

"தெரிலடா. பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சவ நான்தான? அவ எங்க எங்க நிக்குறான்னு என்னை விட யாருக்குத் தெரியும்?"

பத்தாவது ஸ்ரீவித்யா மிஸ்ஸுக்குப் போனது. அம்மாவுக்கு ஒன்பதாவது. இனி யாரும் பிளேன் வருகிற இடத்தை வெட்டக் கூடாது என்று ஹெச்.எம். உத்தரவும் போட்டுவிட்டார். அம்மா இரண்டு நாள் பாத்திரங்களோடு சண்டை போட்டாள். மூன்றாம் நாள் தோசை வார்க்கும்போது திடீரென்று திரும்பினாள்.

"அவ டென்த்துக்கு பசங்க எங்கேர்ந்து வருவாங்க? நைன்த்துலேர்ந்துதான? என் கையத் தாண்டித்தான போவணும்?"

"ஆமாம்மா."

"பாக்கலாம்," என்று தோசையைத் திருப்பிப் போட்டாள். பொறாமை போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்ரீவித்யா மிஸ்ஸின் மடிப்பு இன்றைக்கும் எங்கள் வீட்டில் பேசப்படுகிறது. அம்மா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிறாள், அவ்வளவுதான். ஃபிரெடி ஒன்பதாவது வரும்போது மறுபடியும் அவளிடம்தான் வருவான். எனக்கு இப்போதே அது பிடிக்கவில்லை.

தனித்தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டேன் என்று நான் சொன்னது அதற்கு அடுத்த வாரம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் ஓர் ஏற்பாட்டோடு வந்திருந்தேன். என் பழைய போனைத் தண்ணீர் கேனில் சாய்த்து, அவள் முகத்தைப் பார்க்கும்படி நிறுத்தினேன்.

"என்னடா அது?"

"ரெக்கார்டிங். ஹெச்.எம். ஐடியா நல்லா இருக்குதுல்ல? வீட்லயும் எடுத்துப் பாக்கலாம்னு."

கேமரா இருந்தால் வீடியோவில் பார்த்த அந்த அம்மா வருவாள் என்பது என் கணக்கு. நான் போட்ட கணக்குகளில் அதுதான் கொஞ்சம் தேறும் என்று நினைத்தேன். அம்மா தலையைக் குலுக்கிப் புடவையைச் சரி செய்துகொண்டு ஆரம்பித்தாள்.

"மூணு, ஏழு, பதினொண்ணு, பதினஞ்சு. இப்டியே நாலு நாலா ஏறிக்கிட்டே போவுது. இருபதாவது நம்பர் என்ன?"

இருபது நாலு எண்பது. முதலில் இருக்கிற மூன்றையும் சேர்த்தேன்.

"எம்பத்தி மூணு."

வாய் திறந்தது. நான் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா தண்ணீர் கேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த செத்த போன எடுத்து உள்ள வை. டிஸ்பிளே போயி ஆறு மாசம் ஆவுது, எனக்குத் தெரியாதா?"

எடுத்தேன். முடிந்தது, இப்போது ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் ஒரு கையை மேசையில் ஊன்றினாள். லேசாகக் குனிந்தாள். புருவத்தைத் தூக்கினாள்.

"ம்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். காற்று இன்னும் அந்தப் பக்கம்தான். வானத்தில் ஒரு காக்காகூட இல்லை. எதிர்வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. அவள் உதடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை மூடி வைக்க அவள் படுகிற பாடு கழுத்தில் தெரிந்தது. ஆனாலும் மூடித்தான் இருந்தாள்.

மேசையில் விரலால் புள்ளி வைத்தேன். மூன்று, அங்கிருந்து ஒரு தாவல், ஏழு. இன்னொரு தாவல், பதினொன்று. முதல் நம்பருக்குத் தாவவே வேண்டாம், அங்கேதான் நிற்கிறோம். அப்படியென்றால் இருபதாவதுக்குத் தாவல் இருபது இல்லை, ஒன்று கம்மி. நாலு குறைய வேண்டும்.

எழுபத்தொன்பது.

விடை வந்துவிட்டது. அம்மா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டு, பரவாயில்லை, யோசி என்கிற மாதிரி.

நான் இன்னும் கொஞ்ச நேரம் சொல்லாமல் இருந்தேன்.